சிவப்புப் புள்ளி விழுந்த குளம்

காலிரெஜா பல்கலைக்கழகத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் கெட்ட பழக்கம் யாருக்கும் கிடையாது. அந்த வேலைக்கென்றே தனியாக ஒரு நிறுவனம் வைத்திருக்கிறார்கள். தர உறுதி நிறுவனம் என்று பெயர். ஆரம்பத்தில் ஒரு மேசையும் ஒரு பிரிண்டரும்தான் இருந்தன. அப்புறம் ஓர் அறை ஆனது, அப்புறம் ஒரு மாடி ஆனது. இப்போது தனிக் கட்டடம் வேண்டும் என்கிறார்கள். தரம் இவ்வளவு வளர்ந்தபிறகு அதற்கு உட்கார இடம் வேண்டாமா?

இடமும் பார்த்தாகிவிட்டது. மீன்வளத் துறைக்குப் பின்னால் மூன்று குளங்கள் இருந்தன. மண்ணைக் கொட்டி மூடினால் அருமையான சமதளம். அந்தக் குளங்களில்தான் பாக் பொனிமின் கெளுத்தி வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஜாவாவின் அந்தப் பக்கம் மலையடிவாரம். மழைக்காலக் குளிரில் கெளுத்திக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கும். சுற்று வட்டாரத்தில் கெளுத்தி வளர்க்கிறவர்களுக்கு அது தீராத தலைவலி. பொனிமின் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து, குளிருக்கு அசராத ஒரு வம்சத்தை உண்டாக்கிவிட்டார். தாய் மீன்கள் அந்த மூன்று குளங்களில் மட்டும்தான் இருந்தன, வேறு எங்கும் கிடையாது. குளம் போனால் வம்சம் போச்சு. சாயங்காலத்தில் சாலையோரக் கடையில் உட்கார்ந்து, பொரித்த கெளுத்தியைச் சம்பலில் தொட்டுத் தின்கிற எவனுக்கும் பொனிமின் பேர் தெரியாது. அதைப்பற்றி அவருக்கும் கவலை இல்லை. அவர் கவலையெல்லாம் குளத்தைப் பற்றித்தான்.

காப்பாற்ற ஒரு வழி இருந்தது. குரு பெசார் ஆகிவிட்ட ஒருவரின் ஆய்விடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் விதி. குரு பெசார் என்றால் பெரிய குரு, முழுப் பேராசிரியர். பொனிமின் இவ்வளவு காலம் சின்ன குருவாகவே இருந்து காலம் தள்ளிவிட்டார். ஆசைப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆசைப்பட்டே தீர வேண்டியதாகிவிட்டது. அந்த வருஷ முடிவுக்குள் பெரிய குரு ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண்ணள்ளும் இயந்திரம் வந்துவிடும்.

"கவலைப்படாதீங்க பாக். கட்டுரை எழுதி எழுதியே கை தேஞ்சு போயிருக்கீங்க. ஒங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க?" என்றார் பு வுர்யானி. அவர் பக்கத்து அறைக்காரர். அங்கே ஆண்கள் பெயருக்கு முன்னால் பாக், பெண்கள் பெயருக்கு முன்னால் பு என்று போட்டால் மரியாதை. இருவருமாகச் சேர்ந்து வெகுகாலமாக ஓர் ஆய்விதழ் நடத்தி வந்தார்கள். அதன் பெயர் 'கொலாம்'. அந்த ஊர்ப் பேச்சில் கொலாம் என்றால் குளம். நம் குளம்தான் ஒரு காலத்தில் கப்பலேறிப் போய் அங்கே கொலாம் ஆகிவிட்டது. பொனிமினின் கட்டுரைகள் முக்கால்வாசி அதில்தான் வந்திருந்தன. மற்ற விஞ்ஞானிகள் படித்துக் குறை சொல்லித் திருத்தி அனுப்பிய பிறகுதான் எதுவும் அச்சேறும். பொனிமின் கட்டுரையையே பு வுர்யானி ஒருமுறை திருப்பி அனுப்பி, ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்ததும் உண்டு.

கஷ்டகாலம் அந்த வருஷம்தான் சாரிங்கான் வந்தது.

சாரிங்கான் என்றால் வடிகட்டி. தேங்காய்ப்பால் பிழிகிற வலைக்கும் அங்கே அதே பெயர்தான். ஆனால் இது கம்ப்யூட்டருக்கு. பிரவுசரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அங்கே ஆய்விதழ் ஒன்றின் பெயர் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். பச்சை என்றால் உயர்ந்த இதழ். மஞ்சள் என்றால் போனால் போகிறது. சிவப்பு என்றால், அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனதும் ஒரு கட்டம் விரிந்து, 'மோசடிக்கு வாய்ப்பு, தவிர்க்கவும்' என்று சொல்லும். இனி யாரும் எந்தக் கட்டுரையையும் படித்து அவதிப்பட வேண்டியதில்லை.

அறிமுக விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. முதலில் தேசிய கீதம், அப்புறம் பல்கலைக்கழக கீதம், அப்புறம் பிரார்த்தனை. ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி கொடுத்தார்கள். வாழையிலையில் சுற்றிய லெம்பரும், ஒரு ரிசோலும், ஒரு பச்சை மிளகாயும், மூடி ஒட்டிய குவளையில் தண்ணீரும் இருந்தன. மேடையில் நிறுவனத்தின் தலைவர் ஏறினார். பேராசிரியர் முனைவர் இஞ்சினியர் ஜாத்மிகோ. பின்னால் இன்னும் இரண்டு பட்டங்கள் உண்டு, மூச்சு வாங்குகிறது, விட்டுவிடுகிறேன்.

"சலாம் தரம்!" என்று முஷ்டியை உயர்த்தினார் ஜாத்மிகோ.

"தரம்! தரம்! தரம்! உச்சம்!" என்று மண்டபமே எழுந்து நின்று முஷ்டியை உயர்த்தியது. பொனிமின் கையில் லெம்பர் இருந்ததால் லெம்பரை உயர்த்தினார்.

"நண்பர்களே, இத்தனை நாளா நாம ஒரு கட்டுரை நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்க அதைப் படிச்சிட்டிருந்தோம்," என்றார் ஜாத்மிகோ. மண்டபம் வருத்தத்தோடு தலையசைத்தது. "படிச்சா என்ன ஆகும்? படிக்கிறவனுக்கு ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்துடுச்சுன்னா நடுநிலை போச்சு. சாரிங்கானுக்கு அந்த வியாதி கிடையாது. அது எதையும் படிக்காது. அதனாலதான் அதை நம்பலாம்."

கைதட்டல் அடங்கியதும் பு வுர்யானி கை தூக்கினார். "ப்ரோஃப், இந்த வடிகட்டியை யாரு வடிகட்டினாங்க?"

"நல்ல கேள்வி பு. எங்க நிறுவனத்தோட சுற்றறிக்கைகளையே அதுல போட்டுச் சோதிச்சோம். எல்லாமே பச்சை! நாங்களே எதிர்பார்க்கலே," என்று ஜாத்மிகோ தன்னடக்கத்தோடு சிரித்தார்.

கருவியைச் செய்துகொடுத்த ஆட்கள் மேடையேறி ஒரு பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். திட்டம் நிறைவு என்று அறிவித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் படம் எடுத்து நிறைவறிக்கை ஏற்றிவிட்டால் அந்த வேலை முடிந்தது. அப்புறம் தலைகீழாக நின்றாலும் அதை மறுபடி திறக்க முடியாது.

பொனிமின் அறைக்கு வந்து தன்னுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தார். அவர் கட்டுரைப் பட்டியல் முழுக்கச் சிவப்புப் புள்ளி. மேலிருந்து கீழ் வரைக்கும் அம்மை போட்ட மாதிரி. உடம்பில் புள்ளி கண்ட மீனை அவர் உப்புத் தண்ணீரில் விட்டு நாலு நாளில் தேற்றிவிடுவார். இதை எந்தத் தண்ணீரில் விடுவது?

அம்புக்குறியைக் கொண்டுபோனார். காரணங்கள் விரிந்தன. 'கொலாம்: ஆங்கிலப் பெயர் இல்லை. ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, ஆகவே நோக்கம் தெளிவாக இல்லை. மீன் வளர்ப்போர் படிப்பதாகத் தெரிகிறது.'

"அடப் பாவிகளா!" என்றார் பு வுர்யானி தோளுக்குப் பின்னாலிருந்து. "காசு வாங்கலேன்னா திருட்டுப் பயலாமில்லே!"

பொனிமின் சட்டையை மாற்றிக்கொண்டு, பத்திக் முழுக்கைச் சட்டையோடு ஜாத்மிகோவைப் பார்க்கப் போனார். காக்க வைத்து, கண்ணாடித் தம்ளரில் இனிப்புத் தேநீர் கொடுத்து, அன்பாகவே பேசினார்கள். அங்கே யாரும் யாரிடமும் கத்த மாட்டார்கள். கழுத்தை அறுப்பதென்றாலும் முதலில் தேநீர் வந்துவிடும்.

"பாக் பொனிமின், ஒங்க இதழ் மோசம்னு நான் சொல்லலே. எனக்கு அதைப்பத்தி ஒரு கருத்தும் கிடையாது. கருத்து வெச்சுக்க எனக்கு அதிகாரமில்லே. புள்ளிதான் சொல்லுது."

"ப்ரோஃப், ஒரே ஒரு கட்டுரையைப் படிச்சுப் பாருங்களேன். சின்னதுதான். குஞ்சு ஏன் சாகுதுன்னு எழுதியிருக்கேன்."

ஜாத்மிகோ பதறிப்போனார். "வேணாம் வேணாம்! நான் படிச்சேன்னு வெளியே தெரிஞ்சா, தலையீடு பண்ணிட்டேன்னு ஆயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. புள்ளிப் பட்டியலை வருஷத்துக்கு ஒரு தடவைதான் திருத்துவோம். அது வரைக்கும் காத்திருக்காம, பச்சை இதழ் ஒண்ணுல ஒரே ஒரு கட்டுரை போடுங்க. ஒண்ணு போதும். குரு பெசார் ஒங்க மடியில வந்து விழும்."

சரி, இதுவும் ஒரு வழிதானே என்று பொனிமின் மாய்ந்து மாய்ந்து ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதினார். 'உலக நீர்வாழ் புதுமைகள்' என்று ஒரு வெளிநாட்டு இதழ். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. அனுப்புகிற இடத்தில் பெயர் கேட்டது. முதல் பெயர்: பொனிமின். அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது.

அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த ஊரின் ஐந்து நாள் சந்தை வாரக் கணக்கில் 'போன்' என்கிற நாளில் பிறந்ததால் பொனிமின் என்று ஒற்றைப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கட்டத்தைக் காலியாக விட்டால் கருவி நகர மாட்டேன் என்றது. கோடு போட்டார், கோபித்துக்கொண்டது. புள்ளி வைத்தார், தப்பு என்றது. கடைசியில் அங்கேயும் பொனிமின் என்றே அடித்தார். அந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

மழை தொடங்குமுன் கட்டுரை வெளிவந்தது. பொனிமின் பொனிமின் எழுதியது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. பு வுர்யானி அவருக்குச் சாலையோரக் கடையில் விருந்து வைத்தார். பொனிமின் கெளுத்தியைத் தொடவில்லை, வழக்கம்போல அவித்த சோயாவும் கீரையும்தான் தின்றார். வளர்த்த கையால் எப்படித் தின்பது?

பதவி உயர்வுக் குழு கூடியது. ஜாத்மிகோதான் தலைமை. "கட்டுரை அருமை. பச்சை," என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு சின்ன விஷயம். சாரிங்கான் இதுல ரெண்டு ஆசிரியர் இருக்கறதாக் காட்டுது. பொனிமின், பொனிமின். முதல் ஆசிரியருக்குத்தான் முழு மதிப்பு. நீங்க எந்தப் பொனிமின்?"

பொனிமின் இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டுமே நான்தான் ப்ரோஃப்."

"அப்படிச் சொல்லக் கூடாது பாக். இன்னொருத்தர் உழைப்பையும் சேர்த்துச் சொந்தம் கொண்டாடற மாதிரி ஆயிடும். அந்தப் பொனிமினோட சம்மதம் வேணும். ஒரே துறை, ஒரே முகவரின்னு வேற காட்டுது. சொந்தக்காரரா?"

"ப்ரோஃப், ஒங்களுக்கும் ஒத்தைப் பேருதானே! ஜாத்மிகோன்னு மட்டும்தானே! நீங்க எப்படிப் போடறீங்க?"

ஜாத்மிகோவின் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தது. "அதுக்குத்தான் பட்டம் வாங்கணும்கிறது. வெளிநாட்டு இதழ்கள்ல என் குடும்பப் பேரு புரொஃபசர். என்னோட தம்பி ஒருத்தன் டாக்டர். நாங்க ரெண்டு பேரும் வேற வேற குடும்பம்னு அங்கே பதிவாயிருக்கு. ஒரு சிக்கலும் இல்லே."

பொனிமின் வட்டார அலுவலகத்துக்கு அலைந்து, 'பொனிமின் என்பவரும் பொனிமின் என்பவரும் ஒரே ஆள்தான்' என்று முத்திரையோடு ஒரு சான்று வாங்கி வந்தார். அங்கே அந்தச் சான்றை இட்லி மாவு மாதிரி தயாராக வைத்திருப்பார்கள், அவ்வளவு பேர் கேட்கிறார்கள். குழு அதை வாங்கிப் பார்த்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போனது.

"அப்போ ஆள் ஒருத்தர்தான்," என்றார் ஜாத்மிகோ மெதுவாக. "ஒரு ஆள் இருந்துகிட்டு, ரெண்டு பேர்னு பதிவு பண்ணியிருக்கீங்க. இல்லாத ஆசிரியரைச் சேர்க்கறது ரொம்பப் பெரிய குத்தம் பாக். நீங்க சான்று கொண்டு வராம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒங்க நேர்மையைக் குழு பாராட்டுது."

பாராட்டைக் குறிப்பில் ஏற்றினார்கள். பதவி உயர்வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்கள். குளம் மூடுகிற ஆணை அந்த வாரமே கையெழுத்தாகிவிட்டது. 'வளாகத்தில் உள்ள கொலாமை மண்ணிட்டு மூடவும். இடம், வளாக வரைபடத்தில் உள்ளபடி.' இயந்திரம் கிடைத்ததும் வரும் என்றார்கள்.

பொனிமினுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. குளக்கரையில் குந்தி உட்கார்ந்து, தவிட்டு உருண்டையை ஒவ்வொன்றாகப் போட்டபடி மூக்கை உறிஞ்சினார். கெளுத்திகள் மீசையை நீட்டிக்கொண்டு வந்து வாங்கித் தின்றன.

"ஜாடியில போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிடலாமா பாக்?" என்றார் பு வுர்யானி.

"தாய் மீனு பு. குளிரைத் தாங்கும், எடம் மாத்தினா ஒண்ணும் தேறாது. என் வீட்டுல தொட்டியும் இல்லே."

இந்த இடத்தில் ரெக்டர் வருகிறார், நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர்.

ரெக்டருக்குத் தன் பதவிக்காலத்தின் நினைவாக ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று ஆசை. தலைமைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு அலங்காரக் குளம் வெட்டி, நீரூற்று வைத்து, வண்ண வண்ணக் கோய் மீன்களை விட்டார்கள். கரையில் ஓர் ஆளுயரப் பளிங்குக் கல். அதில் தங்க எழுத்தில் 'கொலாம் இண்டெக்ரிட்டாஸ்', அதாவது நேர்மைக் குளம். கீழே ரெக்டரின் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கிச் செதுக்கியிருந்தது. ரெக்டர் நாடாவை வெட்டி, ஒரு கோயைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டு, "நேர்மை என்பது இந்த மீனைப் போல. வழுக்கும். விடக்கூடாது," என்று பேசினார்.

மறுநாள் பல்கலைக்கழக இணையதளத்தில் செய்தி வந்தது. மாண்புமிகு ரெக்டர் கொலாம், அப்புறம் ஒரு சிவப்புப் புள்ளி, அப்புறம் இண்டெக்ரிட்டாஸைத் திறந்து வைத்தார். அம்புக்குறியைக் கொண்டுபோனால், 'மோசடிக்கு வாய்ப்பு, தவிர்க்கவும்.'

சாரிங்கானுக்கு எழுத்துத்தான் தெரியும். இதழ் எது, குளம் எது என்று அதற்கு என்ன கண்டது! கொலாம் என்று எங்கே கண்டாலும் அது சிவப்பு வைத்தது. இதுவரை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது தேட ஆரம்பித்தவர்களுக்குத் திரும்பின பக்கமெல்லாம் சிவப்பு. நீச்சல் குளத்துக்கும் அங்கே கொலாம்தான் பெயர். அதில் பயிற்சி முடித்த உடற்கல்வி மாணவர்களின் சான்றிதழ்கள் மோசடியில் நீந்தியதாகக் காட்டின. ஒரு தகப்பனார் ஊரிலிருந்து கிளம்பியே வந்துவிட்டார், மகள் நிஜத் தண்ணீரில்தான் நீந்தினாளா என்று கேட்டுக்கொண்டு.

அவசரக் கூட்டம் போட்டார்கள். குளம் என்பதால் மீன்வளத் துறையின் சார்பில் பொனிமினையும் ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"என் நேர்மை மேல சிவப்புப் புள்ளி! ஊரே சிரிக்குது!" என்றார் ரெக்டர். அங்கே யாரும் கத்த மாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, ரெக்டர் மட்டும் கத்தலாம். "எடுத்துத் தொலைங்கய்யா அந்தப் புள்ளியை!"

"எடுக்க முடியாதுங்க பாக் ரெக்டர்," என்றார் ஜாத்மிகோ. "பட்டியலை நடுவுல திருத்தினா அது தலையீடு."

"கருவியைச் செஞ்சவனைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்க."

"அந்தத் திட்டம் நிறைவாயிடுச்சுங்க. அட்டைச் சாவி வாங்கிப் படம் எடுத்தாச்சு. மறுபடி திறக்க விதியில்லே."

பொனிமின் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். "அந்த இதழை யாராவது படிச்சுப் பார்த்து, நல்லதுதான்னு சொல்லிட்டா..."

அவரை எல்லாரும் பரிவோடு பார்த்தார்கள். யாரோ தேநீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ஜாத்மிகோதான். இந்த மாதிரி நேரத்தில் அவர் மூளை எங்கேயோ போய்விடும். "கருவி தப்பு பண்ணாது. பட்டியலும் தப்பில்லே. அப்போ தப்பு எங்கே இருக்கு? சொல்லுல இருக்கு. சொல்லை மாத்திடுவோம்."

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்துவிட்டது. தர உறுதி நிறுவனத்தின் பெயர் தலைப்பில், பக்கத்தில் கொழுகொழுவென்று பச்சைப் புள்ளி. உள்ளே கொலாமுக்கு ஒரு சிவப்பு விழத்தான் செய்தது, ஆனால் தலைப்பு பச்சை என்றால் அறிக்கை பச்சை. 'இன்று முதல் இவ்வளாகத்தில் கொலாம் எதுவும் இல்லை. இதுவரை அவ்வாறு அழைக்கப்பட்டு வந்த அனைத்தும் ஒருங்கிணைந்த நீர் வசதி என்றே அழைக்கப்படும். இணையதளம், பாடத்திட்டம், வளாக வரைபடம் அனைத்தும் திருத்தப்படும்.'

திருத்தினார்கள். மீன்வளத் துறையின் முதலாமாண்டுப் பாடம் 'ஒருங்கிணைந்த நீர் வசதியில் மீன் வளர்ப்பு' என்று ஆனது. மாணவர்கள் சாயங்காலம் ஒருங்கிணைந்த நீர் வசதிக்கு நீந்தப் போனார்கள். வரைபடத்தில் பொனிமினின் மூன்று குளங்களும் ஒ.நீ.வ. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆகிவிட்டன. பளிங்குக் கல்லை மட்டும் தொடவில்லை. அதில் ரெக்டரின் கையெழுத்து இருக்கிறதே, உளியை எவன் வைப்பான்? வரைபடத்திலும் அந்த இடத்தில் 'பளிங்குக் கல்லில் உள்ளபடி' என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார்கள். "கல்லுக்குப் பிரவுசர் கிடையாது. அதனால புள்ளி வராது," என்று ஜாத்மிகோ விளக்கம் சொன்னார்.

அதோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள். பொனிமினால்தான் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் இயந்திரச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அது வந்தேவிட்டது. மஞ்சள் நிற இயந்திரம், பின்னால் மண் லாரிகள். ஜாத்மிகோவும் ரெக்டரும் மற்ற பெரிய தலைகளும் கடலோர ஊர் ஒன்றில், ஓட்டலில், தரப் பயிலரங்கில் இருந்தார்கள். இயந்திரத்தை ஓட்டி வந்தவன் தோயிப் என்கிற இளைஞன், அங்கே தம்பி என்பதற்குப் பதில் மாஸ் என்று கூப்பிடுகிற வயது. மீன்வளத் துறை வாசலில் நிறுத்திவிட்டு, ஆணையையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பொனிமின் குளத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"பாக், கொஞ்சம் வழி சொல்லுங்க. கொலாமை மூடணும்னு ஆர்டர். படத்துல கொலாமே இல்லியே! இது என்ன பாக், பின்னால இருக்கறது? கொலாமா?"

பொனிமின் திரும்பிப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே மீசைகள் தெரிந்தன. காலைத் தீனிக்கு வந்திருந்தன.

அவர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. ஒரு முறை உண்மை சொல்லி என்ன ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லே மாஸ். இது ஒருங்கிணைந்த நீர் வசதி."

"அப்படியா? பார்த்தாக் கொலாம் மாதிரியே இருக்கு."

"பார்த்து முடிவு பண்ணக் கூடாது மாஸ். இங்கே அது விதி. படத்துல பாருங்க, ஒ.நீ.வ.ன்னு போட்டிருக்கும்."

தோயிப் பார்த்தான். போட்டிருந்தது. "அப்போ கொலாம் எங்கே பாக்? லாரிக்காரங்க தொழுகை நேரத்துக்குள்ள முடிக்கணும்னு பறக்கறாங்க."

"எனக்குத் தெரிஞ்சு..." என்றார் பொனிமின். மறுபடி தொண்டையைச் செருமினார். "இந்த வளாகத்துல கொலாம்னு எழுதியிருக்கிறது ஒரே ஒரு எடத்துலதான். தலைமைக் கட்டடத்துக்கு முன்னால. கல்லுலயே வெட்டியிருக்கும். கையெழுத்தும் இருக்கும்."

"கையெழுத்தே இருக்கா? அப்போ சரிதான்!" என்று தோயிப் நிம்மதியாக ஏறி உட்கார்ந்தான்.

இயந்திரம் திரும்பி உறுமிக்கொண்டு போனது. பு வுர்யானி அறையிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சேலைத் தலைப்பைப் போல முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தார், அப்புறம் திடுக்கிட்டு நிறுத்தினார்.

"ஐயோ பாக், அந்தக் கோய் மீனெல்லாம்!"

"வலையை எடுங்க பு, ஓடுங்க!" என்றார் பொனிமின்.

இருவரும் வலையும் வாளியுமாக ஓடினார்கள். முதல் லாரி மண் சரிவதற்குள் கடைசிக் கோயையும் அள்ளிவிட்டார்கள். ரெக்டர் தன் கையால் விட்ட மீன் மட்டும் இரண்டு முறை வழுக்கியது. விடவில்லை. தொழுகை அழைப்பு கேட்கும்போது நேர்மைக் குளம் இருந்த இடம் சமதளமாகிவிட்டது. தோயிப் பளிங்குக் கல்லைப் பத்திரமாக விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்று, பெயரும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, நிறைவறிக்கையை ஏற்றிவிட்டான். 'கொலாம் மூடும் பணி: நிறைவு.'

திங்கட்கிழமை பொனிமினைக் கூப்பிட்டார்கள். தேநீர் வரவில்லை. அவ்வளவு கோபம்.

"ஆணையைத் திரும்பப் போடுங்க, அந்த மூணு குளத்தை இன்னிக்கே மூடச் சொல்லுங்க!" என்று ரெக்டர் மேசையைத் தட்டினார்.

"முடியாதுங்க பாக் ரெக்டர்," என்றார் ஜாத்மிகோ. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "படம் ஏத்தியாச்சு. பணி நிறைவு. ஒரே வேலையை ரெண்டாந்தடவை செய்ய விதியில்லே."

பிறகு பொனிமின் பக்கம் திரும்பினார். "பாக் பொனிமின். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துல, கொலாம் அது ஒண்ணுதான்னு ஓட்டுறவன்கிட்டச் சொல்லியிருக்கீங்க. எந்த ஆதாரத்தை வெச்சுச் சொன்னீங்க? படிச்சவர்தானே நீங்க? ஆதாரம் இல்லாம பேசலாமா?"

பொனிமின் எழுந்து போய், ஜாத்மிகோவின் கம்ப்யூட்டரிலேயே அந்தச் சுற்றறிக்கையைத் திறந்து காட்டினார். இன்று முதல் இவ்வளாகத்தில் கொலாம் எதுவும் இல்லை.

"இதைத்தான் ப்ரோஃப் ஆதாரமா வெச்சுக்கிட்டேன்."

ஜாத்மிகோ குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தலைப்புக்குப் பக்கத்திலிருந்த புள்ளியை உற்றுப் பார்த்தார். ரெக்டரும் வந்து எட்டிப் பார்த்தார்.

பச்சையாகத்தான் இருந்தது.